பிரசல்ஸில் நான்கு நாள்: எந்த பீரில் தொடங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அலுவலக வேலையாக அக்டோபரில் நான்கு நாள் பிரசல்ஸ் போகிறீர்கள். ஊரில் இதுவரை குடித்ததெல்லாம் ஜில்லென்ற லாகர்தான். பெல்ஜியத்தில் மொத்தம் எத்தனை வகை பீர், அதில் எது உலகத்திலேயே சிறந்தது, எங்கே கிடைக்கும் என்பது கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘முன்பு ஒருவர் வாங்கிக் கொடுத்த பெல்ஜியம் பீர் புளித்துப்போன மாதிரி இருந்தது, பாதியிலேயே வைத்துவிட்டேன்.’ எனக்கு அந்த வரிதான் நிஜமான கேள்வியாகப் படுகிறது. வாயில் இருப்பது கெட்டுப்போனதா, இல்லை அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் யார் என்று ஒரு வரி. கென்ட் நகரில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஒரு ப்ரூவரியின் (பீர் ஆலையின்) ஆய்வகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் ஈஸ்ட் எண்ணுவதும், பத்து மணிக்கு எல்லோரும் காபி குடிக்கும்போது நான் நேற்றைய பீரைக் குடித்துக் குறிப்பு எழுதுவதும்தான் வேலை. அதனால் நொதித்தல் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். பழங்கதைகளும் வரலாறும் நான் படித்ததும் ப்ரூவரிக்காரர்கள் வாயால் கேட்டதும். அந்த இடங்களில் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வகை என்பதற்கு எண்ணிக்கை சொல்ல முடியாது. டப்பல், ட்ரிப்பல், சைஸோன், லாம்பிக் என்ற பெயர்களெல்லாம் பழையவைதான். ஆனால் அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் எழுதிப் பார்க்கும் பழக்கம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. 1970களிலிருந்து எழுதிய ஆங்கிலேயப் பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு (பாடகர் இல்லை, இவர் வேறு). பெல்ஜியத்து ப்ரூவரிக்காரரிடம் ‘உங்கள் பீர் எந்த வகை?’ என்று கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் பெயரைச் சொல்வார். சொல்லப்போனால் அந்த நாட்டில் அதிகம் விற்பதே சாதாரண பில்ஸ்தான். ஜூபிலர், ஸ்டெல்லா ஆர்ட்வா என்று நம் லாகருக்குச் சித்தப்பா மகன்கள். அவற்றுக்காக விமானம் ஏற வேண்டியதில்லை.

வகைப்பெயர்களுக்குப் பதிலாக நான் புதியவர்களுக்குச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: இதை நொதிக்க வைத்தது யார்? லாகர் ஈஸ்ட் அடக்கமான ஆள். குளிரில் மெதுவாக வேலை பார்த்துவிட்டுத் தன் வாசனையை விடாமல் போய்விடும். பெல்ஜியத்து ஏல் (சூட்டில் நொதிக்கும் பீர்) ஈஸ்ட் அப்படியல்ல, வந்து போன வீடு முழுக்க மணக்கும். 20 டிகிரிக்கு மேல், சில இடங்களில் 30ஐத் தாண்டியும், சூட்டில் நொதிக்கும்போது அது கிராம்பு வாசனை தரும் ஒரு பீனாலையும், வாழைப்பழ வாசனை தரும் ஒரு எஸ்டரையும் வெளியிடும். முதல் தடவை வெஸ்ட்மால் மடத்தின் ட்ரிப்பல் என்ற வெளிறிய, வீரியமான பீரைக் குடிக்கும் நம்மூர்க்காரர் எல்லோரும் ‘இதில் மசாலா போட்டிருக்கிறார்களா?’ என்றுதான் கேட்பார்கள். போடவில்லை. கிராம்பும் பழமும் ஈஸ்ட் செய்த வேலை.

உண்மையிலேயே மசாலா போடுவது வெள்ளை பீரில், அதாவது விட்பியரில். மால்ட் ஆக்காத (அதாவது முளைகட்டி உலர்த்தாத) கோதுமை, தனியா, ஆரஞ்சுத் தோல். ஹூகார்டன் ஊரில் கடைசி வெள்ளை பீர் ப்ரூவரி 1957இல் மூடப்பட்டது. அந்த ப்ரூவரிக்குப் பக்கத்தில் வளர்ந்த பால்காரர் பியர் செலிஸ் 1966இல் அதைத் திரும்ப உயிர்ப்பித்தார். இன்று உலகமெங்கும் குடிக்கிற விட்பியர் எல்லாம் ஒருவகையில் அந்த ஒரு மனிதரின் பிடிவாதம். முதல் நாள் மாலை, நடந்து களைத்த பிறகு, இதில் தொடங்கலாம். தனியா வாசனை உங்கள் மூக்குக்குப் பழக்கமானதுதான், சட்டென்று பிடிபடும்.

அடுத்த நாளுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. ஊரில் 650 மில்லி பாட்டிலில் 5 சதவீத லாகர் என்றால் அதில் சுமார் 32 மில்லி சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. டுவெல் என்ற பெல்ஜியம் பீர் 33 சென்டிலிட்டர்தான், ஆனால் 8.5 சதவீதம். கணக்குப் போட்டால் 28 மில்லி. ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 சதவீதம், அந்தச் சின்ன பாட்டிலில் 37 மில்லி. அதாவது உங்கள் பெரிய பாட்டிலைவிட அதிகம். பார்க்க வெளிறிய மஞ்சளில், நுரை பொங்க, சாது மாதிரி இருக்கும் டுவெலை லாகர் வேகத்தில் குடித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயருக்கு அர்த்தமே ‘பிசாசு’தான். முதல் உலகப்போர் முடிந்த பிறகு விக்டரி ஏல் என்ற பெயரில் வந்த பீர் அது, 1923இல் பெயர் மாறியது. ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று, நடுவில் தண்ணீர், சாப்பாடு. இதற்கு மேல் போனால் நாக்கு வேலை செய்யாது, நீங்கள் குடித்ததற்குக் கணக்கும் இருக்காது.

இவ்வளவு ஆல்கஹால் இருந்தும் இவை பாகு மாதிரி கனக்காததற்குக் காரணம் சர்க்கரை. விநோதமாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான். ஈஸ்ட் சர்க்கரையை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். மால்ட் மட்டும் போட்டு 9 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் செரிக்காத மாவுப்பொருள் மிஞ்சி வாயில் கனம் நிற்கும். ஒரு பங்கைச் சர்க்கரையாக மாற்றினால் பீர் லேசாகும், வறண்டு முடியும். டப்பல் போன்ற கருநிற பீர்களில் காய்ச்சிக் கறுத்த பாகு சேர்ப்பதால் நிறமும், உலர்திராட்சை, அத்தி போன்ற வாசனையும் வருகின்றன. எனக்கு வெஸ்ட்மால் டப்பல் முதல் வாயிலேயே கருப்பட்டியை நினைவுபடுத்தியது. வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கான பழைய குறிப்புகள் பலவற்றில் இதற்குக் கல்கண்டு போடச் சொல்லியிருப்பார்கள். வெள்ளைக் கல்கண்டு வெறும் சர்க்கரைதான், அது தரும் சுவை ஒன்றுமில்லை. வேலை செய்வது கறுத்த பாகு.

இனி எல்லோரும் கேட்கும் மடத்து பீர்கள். ட்ராப்பிஸ்ட் என்பது ஒரு சுவையின் பெயர் இல்லை, யார் எங்கே காய்ச்சினார்கள் என்பதற்கான சான்று. மடத்துச் சுவருக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் இப்போது அப்படி ஐந்து: வெஸ்ட்மால், ஷிமே, ரோஷ்ஃபோர், ஓர்வால், வெஸ்ட்ஃப்ளெட்டரென். ஆகெல் மடத்தில் கடைசித் துறவிகளும் போய்விட்டதால் 2021இல் அதன் முத்திரை போய்விட்டது. பீர் அதே பீர்தான், பக்கத்தில் துறவி இல்லை, அவ்வளவுதான். ‘அபே’ அல்லது ‘அப்தை’ (மடம் என்று பொருள்) என்று மட்டும் போட்டிருந்தால் அது மடத்தின் பெயரையோ பாணியையோ எடுத்துக்கொண்ட வணிக ப்ரூவரி. லெஃப் அப்படித்தான், லூவென் நகரப் பெரிய ஆலையில் காய்ச்சப்படுகிறது. அதனால் மட்டம் என்று சொல்ல வரவில்லை, துறவி கையால் வந்தது என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

‘உலகத்திலேயே சிறந்தது’ என்று நீங்கள் கேள்விப்பட்டது வெஸ்ட்ஃப்ளெட்டரென் 12ஆகத்தான் இருக்கும். நீண்ட காலம் பாட்டிலில் லேபிளே இல்லாமல், விவரமெல்லாம் மூடியில் அச்சிட்டு விற்றார்கள். பல வருடம் முன்பதிவு செய்து மடத்து வாசலில் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மடத்துக்கு எதிரே உள்ள அவர்களின் கஃபேயிலும் குடிக்கலாம். நல்ல பீர், சந்தேகமே இல்லை. ஆனால் பிரசல்ஸ் சுற்றுலாத் தெருவில் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பல மடங்கு விலை சொல்வார்கள், அதை வாங்காதீர்கள். அதே வட்டாரத்தில் வாட்டு என்ற ஊரில் உள்ள செயின்ட் பெர்னார்டஸ் ப்ரூவரி, 1946 முதல் 1992 வரை அந்த மடத்தின் உரிமம் பெற்று அதே பெயரில் பீர் காய்ச்சி விற்றது. உரிமம் முடிந்த பிறகு தன் பெயரில் விற்கும் ‘ஆப்ட் 12’ எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டும் ஒன்றேதான் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அது சரியில்லை. மடம் இப்போது வெஸ்ட்மாலிலிருந்து ஈஸ்ட் வாங்குகிறது, அதனால் இரண்டும் பங்காளிகள்தான், இரட்டையர் இல்லை. எது எது என்று என்னைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால், மூன்றில் ஒரு தடவை தப்பாகச் சொல்வேன்.

ஒரு மேசையில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனமாகக் குடிக்க நேரமிருந்தால் ஓர்வாலைக் குடியுங்கள். எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. எங்கள் ஆலையில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் ஒரு சோதனைத் தட்டில் முளைத்தால் போதும், அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இல்லை. குழாய், வால்வு, தொட்டி எல்லாம் கழுவு, மறுபடி சோதி. அதே ஈஸ்டை ஓர்வாலில் பாட்டிலில் அடைக்கும்போது வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். லேபிளில் அடைத்த தேதி இருக்கும். இரண்டு மூன்று மாதத்து பாட்டில் என்றால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) வாசனையும் நறுக்கென்ற கசப்பும் முன்னால் நிற்கும். ஒரு வருடம் கழித்து அதே பீரைத் திறந்தால் கசப்பு பின்வாங்கி, தோல், ஈர வைக்கோல், எனக்கென்னவோ மழை நின்ற மறுநாள் மாட்டுத் தொழுவம் என்று வாசனை மாறியிருக்கும். இனிப்பு கொஞ்சம்கூட மிச்சமிருக்காது. சில கஃபேக்களில் இளசா பழசா என்று கேட்டே கொடுப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தால், காட்டு ஈஸ்ட் என்ன செய்கிறது என்பதை நான் எழுதும் பத்துப் பக்கத்தைவிட நன்றாகத் தெரிந்துகொள்வீர்கள்.

இப்போது உங்கள் ‘புளித்துப்போன’ பீருக்கு வருவோம். அது கெஸ், அதாவது லாம்பிக் என்ற புளிப்பு பீர்களைக் கலந்து செய்வது, ஆக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பிரசல்ஸும் அதற்கு மேற்கே உள்ள பயோட்டன்லாண்டும்தான் லாம்பிக்கின் வீடு. லாம்பிக்கில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. நமக்கு இது புதிதே இல்லை. பனையில் கட்டும் பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் தானாகவே நுரைத்துக் கள். அதே தத்துவம்தான், ஆனால் கள் சில மணி நேரத்தில் செய்வதை லாம்பிக் மூன்று வருடம் இழுக்கும். பார்லி மால்டோடு மூன்றில் ஒரு பங்குக்கு மால்ட் ஆக்காத கோதுமை, வாசனையும் கசப்பும் வற்றிப்போன பழைய ஹாப்ஸ் (கெட்ட பாக்டீரியாவை அடக்கி வைக்க மட்டும்) சேர்த்துக் காய்ச்சிய வடிநீரை, கூரைக்குக் கீழே இருக்கும் கூல்ஷிப் என்ற அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். ராத்திரி முழுக்க அது ஆறும். விடிந்ததும் மரப்பீப்பாய்க்குப் போகும். வெயில் காலத்தில் செய்ய முடியாது. வடிநீர் சரியாக ஆறாது, வேண்டாத பாக்டீரியாவும் அதிகம். அதனால் பருவம் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை.

பீப்பாய்க்குள் நடப்பதுதான் என் துறை, கொஞ்சம் நீட்டுகிறேன். முதல் சில வாரம் குடல் பாக்டீரியா குடும்பத்துக்காரர்கள் ஆடுவார்கள். அப்போது முகர்ந்தால் ஓடிவிடுவீர்கள். பிறகு சாதாரண ஈஸ்ட் வந்து ஆல்கஹால் ஆக்கும். சில மாதம் கழித்துப் பீடியோகாக்கஸ் வந்து லாக்டிக் அமிலத்தால் புளிக்க வைக்கும். சில பீப்பாய்களில் அது பீரையே எண்ணெய் மாதிரி, நூல் விடுகிற மாதிரி ஆக்கிவிடும். ‘பீருக்கு உடம்பு சரியில்லை’ என்பார்கள் ப்ரூவரிக்காரர்கள், மருந்து எதுவும் கொடுக்க மாட்டார்கள். பிரெட்டனோமைசிஸ் மெதுவாக வந்து அந்தக் கொழகொழப்பையும் தின்று தீர்க்கும். ஒரு வருடத்து, இரண்டு வருடத்து, மூன்று வருடத்து லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால், இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை மறுபடி நொதித்துப் பொங்கும். அதுதான் கெஸ். புளிச்செர்ரி ஊறப்போட்டால் க்ரீக். கலவை செய்பவரின் நாக்குதான் இங்கே எல்லாம். வீட்டில் ஊறுகாய் பக்குவம் பார்ப்பவர்கள் மாதிரி, அளவுகோல் எதுவும் கிடையாது.

பிரசல்ஸ் வழியாக ஓடும் சென் ஆற்றுப் பள்ளத்தாக்கின் காற்றில் மட்டுமே அந்த நுண்ணுயிர்கள் இருக்கின்றன, வேறு எங்கும் முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் ஏற்கலாம். அந்தப் பீப்பாய் மரத்திலும், கட்டடத்திலும் அவை குடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காற்று மட்டும் காரணமில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அலகாஷ் ப்ரூவரி 2007இலேயே கூல்ஷிப் கட்டித் தானாக நொதிக்கும் பீரைக் காய்ச்சியிருக்கிறது, நன்றாகவும் வந்திருக்கிறது. சுவை வேறு, முறை சாத்தியம். லாம்பிக் என்ற பெயர் லெம்பேக் ஊரிலிருந்து வந்தது என்பதும் அப்படித்தான், பலர் சொல்வார்கள், முடிவான சான்று இல்லை. கோடையில் பண்ணைக் கூலிகளுக்காகக் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்ததுதான் சைஸோன் என்ற கதையையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சொல்வேன். ஆனால் சைஸோன் டுபோன் அருமையான பீர், வறண்டு, மிளகுக் காரம் மாதிரி ஒரு முடிவோடு இருக்கும். ஒரே எச்சரிக்கை: பச்சை பாட்டிலில் இருந்தால் கவனம். ஹாப்ஸ் மேல் வெளிச்சம் பட்டால் ஒரு கந்தக வாசனை உண்டாகும். கடை ஜன்னலில் வெயில்படும் வரிசையிலிருந்து ஒரு தடவை வாங்கி வந்தேன், எரிந்த ரப்பர் நாற்றம். உள்பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பிரசல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஆண்டர்லெக்ட்டில், 1900இல் தொடங்கிய கான்ட்டியோன் ப்ரூவரி இருக்கிறது. அருங்காட்சியகமாகவும் நடத்துகிறார்கள். திறக்கும் நாள் பார்த்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது போங்கள். கூல்ஷிப்பையும் பீப்பாய்களையும் பார்த்துவிட்டுக் கீழே வந்தால் நுரையே இல்லாத நேர் லாம்பிக் ஊற்றித் தருவார்கள், அப்புறம் கெஸ். என் முதல் கெஸை நான் சிங்கில் ஊற்றினேன், மாணவனாக இருந்தபோது, காசும் இல்லாதபோது. அதனால் சொல்கிறேன்: முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் வாய் புளிப்பு மட்டும்தான். மூன்றாவது வாயில் நாக்கு புளிப்பை ஏற்றுக்கொண்டுவிடும், அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோல், காய்ந்த புல், மரம் எல்லாம் வரும். நல்ல கெஸின் புளிப்பு மோரின் பக்கம், சுத்தமாக முடியும். தொண்டையைச் சுடுகிற வினிகர் காரம் மேலே நின்றாலோ, நெயில் பாலிஷ் வாசனை வந்தாலோ, அது கெட்டதுதான், தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். கடையில் வாங்கும்போது ‘அவுட’ என்ற சொல் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். ‘பழைய’ என்று பொருள். ஐரோப்பியச் சட்டப்படி முழுக்கத் தானாக நொதித்த லாம்பிக்காக இருந்தால்தான் அப்படிப் போட முடியும். அந்தச் சொல் இல்லாதவற்றில் பல இனிப்புச் சேர்த்தவை.

புளிப்பில் இன்னொரு கிளையும் உண்டு, மேற்கு ஃப்ளாண்டர்ஸின் சிவப்பு பீர். ருசலார் ஊரில் ரோடன்பாக் ஆள் உயரத்துக்கும் மேலான ஓக் தொட்டிகளில் இரண்டு வருடம் வைப்பார்கள். இங்கே லேசான வினிகர்க் காரம் குற்றமில்லை, அதுவும் சுவையில் ஒரு பங்கு. புளியும் வெல்லமும் சேர்ந்த சுவை நமக்குப் பழக்கம்தான் என்பதால் நம்மவர்களுக்குக் கெஸைவிட இது சீக்கிரம் பிடித்துவிடுகிறது. கெஸைப் பார்த்துப் பயமாக இருந்தால் இதை முதலில் குடியுங்கள்.

குடிக்கும் விதத்தில் பெரிய சடங்கு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பீருக்கும் ஒரு கண்ணாடிக் குவளை என்று கஃபேக்காரர் செய்யும் ஆர்ப்பாட்டத்தில் பாதி விளம்பரம். அடியில் எழுத்துப் பொறித்த டுவெல் குவளைக்கு மட்டும் காரணம் உண்டு, அந்தக் கீறலிலிருந்து குமிழ் இடைவிடாமல் எழும்பி நுரையைக் காப்பாற்றும். பாட்டிலின் அடிமண்டி ஈஸ்ட்தான், குடித்தால் ஒன்றும் ஆகாது. முதலில் தெளிந்ததை ஊற்றிக் குடித்துவிட்டு, வேண்டுமானால் கடைசி விரலளவைத் தனியாக ருசித்துப் பாருங்கள். கருநிற பீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடிக்காதீர்கள், மேசையில் கால்மணி நேரம் இருக்கட்டும். விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சை விட்டுப் பாருங்கள், வாசனையில் முக்கால்வாசி அப்போதுதான் வரும். ஒயின்காரர்களின் அகராதி எதற்கு? தனியா, கிராம்பு, கருப்பட்டி, மோர், தொழுவம் என்று உங்கள் நினைவில் இருப்பதை அப்படியே போனில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சீஸ் துண்டும் கடுகு விழுதும் கேளுங்கள், பெரும்பாலான கஃபேக்களில் இருக்கும். காரில் போகிறீர்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, ஒரு ட்ரிப்பலே பலரை அங்கே கொண்டுபோய்விடும். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அது உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

திரும்பும்போது பெட்டியில் இடம் இருந்தால் ஒரே தேதி போட்ட இரண்டு ஓர்வால் வாங்கி, துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு வாரம் நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்றைத் திறங்கள், குறிப்பு எழுதுங்கள். மற்றதை வெளிச்சம் படாத அலமாரியில், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், அடுத்த அக்டோபர் வரை வையுங்கள். அதுவரை யாருக்கும் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.